சுரங்கத்துக்குள் நின்றுபோன கார்

கிருபா கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "வீட்டுல இன்னாம்மா விசேஷம்?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்ல, எல்லாரும் சுகம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எல்லாரும் என்றால் இங்கே நானும் உன் அப்பாவும் மட்டும்தான். விசேஷம் இருந்தது. ஆனால் உன் குரல் அறுந்து அறுந்து வந்தது. பின்னால் உன் வீட்டில் குக்கர் விசிலடித்தது. ஸ்வீடனிலும் குக்கர் விசிலடிக்கிறதே என்று எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். இப்போது மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், டேனியல் ஆபீஸ் போன பிறகு ஆற அமரப் படி.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குத் தாய் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வாள் என்பார்கள். எனக்கு அதற்கு நேரம் கிடைத்ததா சொல்? பந்தியில் பிரியாணி பத்துமா, ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர்கள் சாப்பிட்டார்களா, அப்பாவை மண்டபத்துப் படியில் யார் பிடித்து ஏற்றுவது, இதிலேயே அன்றைய பொழுது போய்விட்டது. ஏர்போர்ட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே உன் பெட்டி எடை கூடிவிட்டது என்று ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அந்தக் கலவரத்தில் நீ உள்ளே போய்விட்டாய். ஊறுகாய் பாட்டிலோடு நான் திரும்பி வந்தேன். ஆகவே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதையை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். உனக்குத் தெரிந்தது உன் பக்கத்துக் கதை. என் பக்கத்தையும் ஒரு முறை கேள்.

உன் அப்பாவின் குரலை நீ பிள்ளையாக இருந்து கேட்டாய். நான் பெண்சாதியாக இருந்து கேட்டேன். ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். அத்தனை மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்தக் குரல் வீட்டிலும் இறங்கவே இறங்காது. கோவிலில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தால் மைக் வேண்டாம். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி யாரோடாவது உருதில் சிரித்துப் பேசுவது எனக்கு அடுப்படியில் கேட்கும். குழம்பைச் சூடு பண்ண அதுதான் எனக்கு அடையாளம். எதற்கெடுத்தாலும் "பேஜார்" என்பார். ஷிப்மெண்ட் தள்ளிப்போனால் பேஜார், பஸ் கிடைக்காவிட்டால் பேஜார், உனக்குக் கணக்கில் மார்க் குறைந்தால் கணக்கு டீச்சரான எனக்கு முன்னாலேயே "விடுடி, இதெல்லாம் ஒரு பேஜாரா" என்று உன்னைக் காப்பாற்றுவார். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், பக்கத்து வீட்ல கொழந்த தூங்குது" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அந்தக் குரல் ஒரு காலை வேளையில் லைனில் நின்றுகொண்டிருந்தபோதே போய்விட்டது. கையில் பிடித்திருந்த ஷூ ஜோடியைக் கீழே போட்டார், என்ன என்று கேட்டவளிடம் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டார் என்று அவரோடு வேலை செய்த சாதிக் பாய் சொன்னார். அவர்தான் கம்பெனி வண்டியில் போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கை விழுந்துவிட்டது, கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது. பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், உன் வயதுதான் இருக்கும், என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "அவருக்கு எல்லாமே புரியுதுங்க டீச்சர். நீங்க பேசுறது, டிவில வர்றது, எல்லாம். சொல்லணும்னு நெனைக்கிறதும் உள்ள இருக்கு. அது வார்த்தையா மாறி வெளிய வர்ற எடத்துலதான் அடி." அதைக் கேட்டுவிட்டு வார்டுக்கு வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். எல்லாம் புரிகிறவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத்தான் வார்த்தை வரவில்லை.

நீ அப்போது படிப்பு முடித்துவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேரும் தேதிக்காகக் காத்திருந்தாய். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் தங்கினாய். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அப்பாவோடு பகல் முழுவதும் நீ. இடது கைக்கு வேலை கொடுக்க வேண்டும், விரல்கள் பழக வேண்டும், மனசும் சோர்ந்துபோகக் கூடாது என்று பிசியோ சொன்னார். ரப்பர் பந்து கொடுத்தோம், இரண்டாம் நாளே சுவரில் எறிந்தார். கேரம் போர்டு எடுத்து வைத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் நீ அந்தக் கார் ரேஸ் கேமை எடுத்தாய். பள்ளிக்கூட நாட்களில் வேலூர் லாங் பஜாரில் நீ அடம்பிடித்து வாங்கிய சீடி. நாலு அம்புக்குறிப் பொத்தான்தான், ஒரு கை போதும்.

ஆனால் அது விண்டோஸுக்குப் போட்ட கேம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீ காலேஜில் இருக்கும்போதே லினக்ஸ் போட்டுவிட்டிருந்தாய். உன் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான் இருந்தது. அப்படியென்றால் எப்படி ஓடும் என்று கேட்டேன். "வைன் போட்டா ஓடும்மா" என்றாய். அன்று ஜெபக்கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட வந்திருந்த உன் அத்தை அதைக் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடி கிருபா, அப்பா இந்த நெலமைல இருக்கறப்போ வைனு கியினுன்னு பேசற?" நீ சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாய். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாய். வைன் என்பது ஒரு மென்பொருளின் பெயர். விண்டோஸ் இருப்பதாக நினைத்துக்கொண்டு கேம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அது நடுவில் நின்று லினக்ஸிடம் கேட்டுப் பதில் சொல்லும், மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி மாதிரி. அத்தைக்குப் பாதி புரிந்தது. அடுத்த வாரம் கோவிலில் யாரோ கேட்டதற்கு, "அது குடிக்கிற வைன் இல்ல" என்று மட்டும் சொன்னாளாம்.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து இடது கையை அம்புக்குறிகள் மேல் வைத்தாய். முதல் நாள் கார் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. நாலைந்து நாளில் ரோட்டில் ஓடத் தொடங்கியது. சிவப்புக் கார். மலைப்பாதை, ஒரு பாலம், அதற்கப்புறம் ஒரு சுரங்கம். கார் சுரங்கத்துக்குள் நுழைந்ததோ இல்லையோ திரை கறுத்துப்போகும். கேம் மறைந்து, திரைக்குப் பின்னணியாக நீ வைத்திருந்த ஏலகிரி மலைப் படம் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். அப்பா பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பார். நீ மறுபடி போட்டுக் கொடுப்பாய். பாலம் தாண்டும், சுரங்கம் வரும், போய்விடும்.

அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹாலில் இருந்து சத்தமாக, தெளிவாக, "பேஜார்!" என்று கேட்டது. சாதிக் பாய் வந்திருக்கிறார் போல, டீ போட வேண்டும் என்று பாலை அடுப்பில் வைத்தேன். வைத்த பிறகுதான் அது யார் குரல் என்று உறைத்தது. ஓடிவந்தேன். ஹாலில் உங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. நீ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். அவர் இடது கையால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல.

"அப்பா, இன்னா சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்கப்பா" என்று நீ கெஞ்சினாய். அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "ப... ப..." என்பதோடு நின்றது. கண் கலங்கிவிட்டது. "வேணாம், விடு" என்று நான் சொன்னேன். நீ விடவில்லை. மறுபடி கேமைப் போட்டாய். மலை, பாலம், சுரங்கம். திரை கறுத்தது. "பேஜார்!" என்றார். நாம் இரண்டு பேரும் அழுதோம், அவர் சிரித்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

வேலூரில் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. கோபத்தில் வருவது, ஜெபத்தில் வருவது, பாட்டில் வருவது எல்லாம் வேறு பாதையில் வரும், நினைத்துச் சொல்வது வேறு பாதை என்றாள். "ஆனா நல்ல அறிகுறிதான்" என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் வந்தேன்.

அதற்கப்புறம் இந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு விதமாக நடந்துகொண்டோம். நீ கேம் ஏன் சாகிறது என்று தேடத் தொடங்கினாய். நான் அது சாகும் நேரத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

உன் தேடலை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சீடியில் கீறல் என்று நினைத்தாய். மென்துணியால் துடைத்து, முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து அங்கிருந்து ஓட்டினாய். அதே இடத்தில் செத்தது. பிறகு படம் காட்டுகிற டிரைவர் சரியில்லை என்று புதிதாகப் போட்டாய். அன்று கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நின்றது. நீ முகம் வெளுத்து, பிரவுசிங் சென்டருக்கு ஓடி, எதையோ அச்செடுத்துக்கொண்டு வந்து, வரிவரியாகத் தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாய். அந்தக் கடைக்காரர், அன்வர் பாய், வீட்டுக்கே வந்துவிட்டார். "எதுக்கும்மா உனக்கு இந்த வம்பு? எங்கிட்ட விண்டோஸ் சீடி இருக்குது, அரமணி நேரத்துல போட்டுத் தர்றேன், கேம் ஜம்முனு ஓடும்" என்றார். "காப்பி சீடிதான பாய்?" என்று கேட்டாய். "ஊர்ல எல்லாம் அதான ஓடுது" என்றார். நீ என்னைப் பார்த்தாய். திருட்டு சீடி வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாய். நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அப்போது கேம் ஜம்மென்று ஓடுவதிலேயே விருப்பமில்லை. நீதான், "வேணாம் பாய், இன்னான்னு பாத்துடறேன்" என்றாய்.

அப்போது நீ சொன்ன ஒன்றை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். "தப்பு பண்ணிட்டேம்மா. ஒரே நேரத்துல நாலு விஷயத்த மாத்திட்டேன். இப்ப எது கெடுத்துச்சுன்னு தெரியல. ஒரு தடவைக்கு ஒண்ணத்தான் மாத்தணும். மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும். சரியாவலன்னா அத பழையபடி வெச்சிட்டுத்தான் அடுத்தது." திரை அளவை மாற்றினாய், ஓட்டினாய், திருப்பி வைத்தாய். நிற எண்ணிக்கையைக் குறைத்தாய், ஓட்டினாய், திருப்பி வைத்தாய். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்பாதான் டிரைவர். சுரங்கத்துக்குப் போய்ச் சேர அவரால்தான் முடியும் என்று நீ சொன்னாய். அவருக்கு அதில் ஒரு மிதப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு "பேஜார்". ஒவ்வொன்றும் எனக்கு விருந்து. கம்பெனியிலிருந்து சாதிக் பாயும் லைன் பெண்களும் பார்க்க வந்தபோது அவர்களுக்காகவும் ஓட்டினார். "சார், அந்தப் பழைய கொரலே தான் சார்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மாலை, திரையில் கட்டளைகளைத் தட்டுகிற கறுப்புப் பெட்டியைத் திறந்து அதிலிருந்து கேமைக் கூப்பிட்டாய். "ஐகான கிளிக் பண்ணா செத்தது மட்டும்தாம்மா தெரியும். இங்கருந்து கூப்ட்டா, சாகறதுக்கு முன்னாடி இன்னா பொலம்புச்சுன்னு தெரியும்" என்றாய். ஏகப்பட்ட வரிகள் ஓடின. பாதிக்கு மேல் 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கின. அதையெல்லாம் கண்டுகொள்ளாதே, கடைசியில் வருவதைப் பார் என்றாய். பார்த்தோம். கடைசி வரிகளில் எல்லாம் சத்தத்தைப் பற்றிய பேச்சு. நீ தலையில் அடித்துக்கொண்டாய். சுரங்கத்துக்குள் போனதும் கார் சத்தம் எதிரொலிக்க வேண்டும். அந்த எதிரொலியை உண்டாக்கச் சொல்லி கேம் சவுண்டு கார்டிடம் நேராகக் கேட்கிறது. நடுவில் நிற்கிற வைனுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அங்கேதான் எல்லாம் விழுகிறது. "படத்துல கோளாறே இல்லம்மா. நான் இத்தன நாளா தப்பான எடத்துல தேடிட்டிருந்தேன். சரி பண்ணிடலாம்" என்றாய்.

உன்னை அடுப்படிக்கு அழைத்தேன். "சரி பண்ணாத கிருபா" என்றேன்.

நீ புரியாமல் பார்த்தாய். "இன்னாம்மா சொல்ற?"

"அது நிக்கறதாலதான் அவரு பேசறாரு. ஓட ஆரம்பிச்சா பேச மாட்டாரு. எனக்கு அந்த ஒரு வார்த்த போதும்டி. அத எடுத்துடாத."

"அம்மா, அவருக்கு அந்த சொரங்கத்தத் தாண்டணும். அதுக்குத்தான் தெனம் ஒக்கார்றாரு. நம்ம காது கேக்கறதுக்காக அவர தெனம் தோக்க வெக்கறதா?"

"உனக்கு இன்னாடி தெரியும்? நீ நாளைக்கு பெங்களூர் போய்டுவ. இந்த வீட்ல யாரும் பேசாம நான் எப்படி இருப்பேன்?"

நம் இரண்டு பேர் குரலும் உயர்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் அடுப்படி வாசலில் அவர் நிற்கிறார். கைத்தடி இல்லாமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எல்லாம் புரியும் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. என் தோளில் இடது கையை வைத்து லேசாக அழுத்தினார். பிறகு உன் பக்கம் திரும்பி, கம்ப்யூட்டர் இருந்த திசையைத் தலையால் காட்டினார். போய்ச் செய் என்று அர்த்தம். நீ போனாய். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

முதலில் நீ கேமில் சத்தத்தையே அணைத்துவிட்டாய். கார் ஊமையாக ஓடியது, சுரங்கத்துக்குள் போனது, மறுபக்கம் வெளியே வந்தது. அங்கே கடல் இருந்தது. அந்தச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கும் என்று நம் மூன்று பேருக்குமே தெரியாது. ஆனால் அப்பா விரலை எடுத்துவிட்டார். காதைத் தட்டிக் காட்டினார். ஊமைக் கார் அவருக்கு வேண்டாம். நீ ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கரெக்டுப்பா" என்று வைனின் செட்டிங்கைத் திறந்தாய். ஆடியோ என்கிற பக்கத்தில், சவுண்டு கார்டிடம் நேரே போகாமல் எல்லாச் சத்தத்தையும் வைனே செய்து கொடுக்கும்படி ஒரு இடத்தை மாற்றினாய். கேமில் சத்தத்தைத் திரும்ப வைத்தாய். கார் உறுமிக்கொண்டு பாலத்தைத் தாண்டியது, சுரங்கத்துக்குள் நுழைந்தது. திரை கறுக்கவில்லை. எதிரொலி மட்டும் கொஞ்சம் கம்மி என்றாய், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெளியே கடல் வந்ததும் அப்பா கையைத் தூக்கினார். லைனில் அன்றைய ஜோடிகள் முடிந்தால் அப்படித்தான் தூக்குவார் என்று சாதிக் பாய் பிறகு சொன்னார்.

நான் பயந்தபடியே ஆனது கிருபா. அதற்குப் பிறகு வெகு நாள் ஒரு வார்த்தையும் வரவில்லை. தினமும் உட்கார்ந்து ஓட்டினார், ஜெயித்தார், இடது கை நன்றாகத் தேறியது, தானே சாப்பிட்டார், தானே சட்டைப் பொத்தான் போட்டார். வாய் மட்டும் திறக்கவில்லை. நீ பெங்களூர் போனாய், வாரக் கடைசியில் வந்து போனாய். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவைத் திறந்து, அந்தக் கார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ போடுவேன். நீ செய்ததுதான் நியாயம். ஆனால் நான் கேட்டதும் தப்பு என்று இன்றைக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவர் குரலோடு இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு அது இல்லாமல் ஒரு வீட்டுக்குள் இருப்பது எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டாம், தெரியாமலே இரு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், போன மாதம் போனில் "டேனியல் ஆபீஸ்லருந்து வந்தா பேசவே மாட்றாரும்மா, நான்தான் நோண்டி நோண்டிக் கேக்க வேண்டியிருக்கு" என்றாய். நோண்டினால் வார்த்தை வரும். எரிச்சலில் வரும். எனக்கு அது தெரியும், அதில் ஒரு ருசி இருப்பதும் தெரியும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ண முடியாது. அவர் எந்தச் சுரங்கத்தில் போய் நிற்கிறார் என்று பார். ஊர் புதுசு, வேலை புதுசு, மத்தியானமே இருட்டிவிடுகிறது என்கிறாய். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. நாலையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லி அந்தப் பையனைக் கேட்காதே. பக்கத்தில் உட்கார், சாப்பாட்டைப் போடு, நீ அன்றைக்குப் பார்த்ததைச் சொல். அவர் நேரத்துக்கு அவர் பேசுவார்.

அப்பாவுக்கும் வார்த்தைகள் மெல்ல மெல்ல வந்தன, அது உனக்குத் தெரியும். கோவிலில் எல்லாரும் பாடும்போது முதலில் ராகம் வந்தது, பிறகு அங்கங்கே சொல் வந்தது. "தண்ணி", "போதும்", "சாதிக்". உன் கல்யாணத்தன்று டேனியலின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல வந்து, "போதும், போதும்" என்றே சொன்னார். டேனியல் அதற்கும் "சரி மாமா" என்றான். அன்றைக்கே அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

இப்போது அந்த விசேஷத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு கம்ப்யூட்டர் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தது. போன வாரம் பொறுக்க முடியாமல் சரி என்று அழுத்திவிட்டேன். வெகு நேரம் ஓடி முடிந்தது. மத்தியானம் அப்பா உட்கார்ந்தார். கேம் தொடங்கவே இல்லை. வருவது போல வந்து போய்விடும். அவர் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்தேன், உன் நம்பரைப் பாதி அழுத்தினேன். அங்கே உனக்குக் காலை வேளை, டேனியல் ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரம். பெற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு வரக்கூடாது. போனை வைத்துவிட்டேன்.

நானே உட்கார்ந்தேன். கறுப்புப் பெட்டியைத் திறந்து, நீ தட்டுவதைப் பார்த்த ஞாபகத்தில் கேமின் பெயரைத் தட்டினேன். முதலில் எழுத்துப் பிழை. கணக்கு டீச்சருக்கு ஸ்பெல்லிங் வராது என்று நீ கேலி செய்வாயே. மறுபடி தட்டினேன். வரிகள் ஓடின. ஃபிக்ஸ்மீயை எல்லாம் ஒதுக்கிவிட்டு அடியில் வந்ததைப் படித்தேன். இப்போதும் சத்தம்தான். ஆடியோ பக்கத்தைத் திறந்தேன். அங்கே சில பெயர்கள், ஒன்றில் டிக். அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பெயர் வேலை செய்யவில்லை போலிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அடுத்ததில் டிக் போட்டேன். கேம் வந்தது, சத்தம் வரவில்லை. அதைப் பழையபடி எடுத்துவிட்டு இன்னொன்றில் போட்டேன். உறுமியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டினார், சுரங்கத்தைத் தாண்டினார், கடல் வந்தது.

இந்த வயதில் இதைச் செய்துவிட்டேனே என்று சந்தோஷம்தான். அடுத்த நிமிஷமே வேறு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. உன்னைக் கூப்பிட இந்த வீட்டில் இருந்த ஒரு காரணத்தை நானே சரி பண்ணிவிட்டேன். இனி எதைச் சாக்காக வைத்துப் பேசுவேன்?

அப்பா காரை நிறுத்திவிட்டார். கடலோரம் அது சும்மா நின்றது. என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றார். பேச்சு போன பிறகு இதுவரைக்கும் அவர் சொல்லாத வார்த்தை அது.

"யாருக்கு?" என்றேன்.

ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே நம் காம்பவுண்டு சுவர், அதற்கப்பால் பைபாஸில் போகிற லாரிகள், அதற்கும் அப்பால் எங்கேயோ நீ.

"கிருபாவுக்கா?" தலையாட்டினார். "கேம் ஓடுதுன்னு சொல்லணுமா?" இல்லை என்று கையை வீசினார். "அப்ப இன்னா சொல்லணும்?"

அவர் தேடத் தொடங்கினார். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கண் மேலே போகும், உதடு அசையும், நெற்றியில் வேர்க்கும். அவர் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயிற்சிப் பெண், நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஆகவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ விமானம் ஏறியதிலிருந்து நானும் அதே வார்த்தையைத்தான் வாய்க்குள் அடக்கி வைத்திருக்கிறேன். புதுக் குடித்தனம், டிக்கெட் விலை, லீவு கிடைக்காது, பெண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை விழுங்கிவிட்டு "எல்லாரும் சுகம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லா வார்த்தையும் கைவசம் இருந்தும் நான் சொல்லவில்லை. அவர் சொன்னார். முதலில் உதடு சேரவில்லை, பிறகு சேர்ந்தது.

"வா."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு, நான் அதைச் சரியாக வாங்கிக்கொண்டேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

உன் அப்பா சொல்லச் சொன்னதை எழுதிவிட்டேன். 'அவசரமில்லை, சௌகரியப்பட்டபோது பார்த்துக்கொள்' என்று இங்கே ஒரு வரி எழுதுவதுதான் முறை. பேனாவை எடுத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எழுத மனம் வரவில்லை.

உன் அம்மா